டாக்டரம்மாவின் சுத்தமான பூச்சிகள்

அந்தப் பூச்சியின் வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது. வில்மா ரோஸ்னர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு ஓரத்தில் துடைத்தாள், மறுபடி குனிந்தாள். இருந்தது. ஒன்றா இரண்டா? ஒரு சொட்டுக்குள் திருவிழாக் கூட்டமாய் வாலை ஆட்டிக்கொண்டு நெளிந்தன.

"சனியன்களா!" என்றாள், பிறந்த ஊர் பாஷையில். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கனவு கூட இந்த ஊர் பாஷையில்தான் வருகிறது. வசவு மட்டும் இன்னும் கடல் தாண்டியே வரும்.

விஷயம் இதுதான். மொய்யேபம்பா என்கிற இந்தப் பள்ளத்தாக்கு ஊரில் வின்சூகாப் பூச்சி இல்லாத வீடு கிடையாது. மூட்டைப்பூச்சிக்குப் பெரியப்பன் மாதிரி இருக்கும். பகலெல்லாம் மண்சுவர் வெடிப்பிலும் கூரைப் புல்லிலும் பதுங்கிக் கிடந்து, விளக்கு அணைந்ததும் இறங்கி வந்து தூங்குகிறவன் முகத்தில் ரத்தம் குடிக்கும். குடித்த இடத்திலேயே கழிந்தும் வைக்கும், அவ்வளவு மரியாதை! அந்தக் கழிவில்தான் கிருமி. சொறிந்தால் தோலுக்குள் போகும், தேய்த்தால் கண்ணுக்குள் போகும். போனபின் வருஷக்கணக்கில் மூச்சு விடாமல் இருக்கும். அப்புறம் ஒருநாள், ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிற திடகாத்திரமான ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உழவுசாலிலேயே சாய்வான். பாதிரியார் அதை ஆண்டவன் சித்தம் என்பார். இல்லை சாமி, இது பூச்சியின் சித்தம் என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தவள் வில்மா ஒருத்திதான்.

யார் உடம்பில் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் இருந்த வழியும் பூச்சிதான். பாட்டிலுக்குள்ளேயே முட்டை பொரித்து, கோழி ரத்தம் மட்டுமே குடித்து வளர்ந்த சுத்தமான வின்சூகாக்கள். கோழி உடம்பில் இந்தக் கிருமி பிழைக்காது. அவற்றைச் சின்னப் பெட்டியில் போட்டு, வாயைச் சல்லாத்துணியால் கட்டி, நோயாளியின் கையில் கவிழ்த்தால் துணி வழியாகவே குடிக்கும். சில வாரம் கழித்துப் பூச்சியின் குடலைப் பிழிந்து பார்த்தால் ஆள் உடம்பில் இருப்பது பூச்சி வயிற்றில் தெரியும்.

இப்போது பிழிந்து பார்த்த பூச்சி குடித்தது அசுந்தாவின் ரத்தம். நான்கு வயதுக் குழந்தை. மேலே சுரங்க மலையில், வின்சூகா எட்டிப் பார்க்காத குளிரில் பிறந்தவள். போன வருஷம்தான் அப்பா அம்மாவோடு பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்தாள். இருப்பது விவசாயிகள் சங்கம் கட்டிக் கொடுத்த செங்கல் வீடு, தகரக் கூரை. நோய் உள்ள கைகளோடு ஒப்பிட்டுக் காட்ட, நோயே இல்லாத ஒரு கை வில்மாவின் ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது. அசுந்தாவின் அம்மா மெல்சோராவிடம் நடையாய் நடந்து கேட்டு வாங்கிய கை அது. "ஒண்ணும் ஆகாதும்மா. என் பூச்சி பாட்டில்ல பொறந்த பூச்சி. உங்க கோயில் பீடத்தைவிடச் சுத்தம்" என்று பெருமையடித்திருந்தாள்.

நோயே இல்லாத கையில் குடித்த பூச்சிக்கு இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது?

யார் கையிலும் வைக்காத பெட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்து ஒரு பூச்சியை எடுத்துப் பிழிந்தாள். அதிலும் நெளிந்தன. இன்னொன்று. அதிலும். குழந்தையிடமிருந்து பூச்சிக்கு வரவில்லை. பூச்சிகளிடம் முதலிலேயே இருந்திருக்கிறது. அதைத்தான் அவள் கொண்டுபோய்க் குழந்தையின் கையில் கவிழ்த்திருக்கிறாள்.

"பசிலியா!" என்று கத்தினாள்.

பசிலியா கொல்லையிலிருந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பூச்சி பாட்டில்களையும் கோழிகளையும் பார்த்துக்கொள்வது அவள்தான். சிரிப்பும் வாயும் பெரியவை.

"என்ன டாக்டரம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பூச்சி ஏதும் உங்களைக் கல்யாணம் கேட்டுச்சா?"

"பூச்சிகளுக்கு என்ன குடிக்கக் குடுத்த?"

"என்ன குடுப்பேன், சிச்சாச் சாராயமா ஊத்துவேன்? கோழிதான்."

"எப்பவும் கோழிதானா? ஒருதடவைகூட மாத்தலையா? பொய் சொல்லாதே பசிலியா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

பசிலியாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "கார்னவால் திருவிழாவுக்கு முன்னாடி கோழியெல்லாம் வெள்ளைக் கழிச்சல்ல செத்துச்சே, ஞாபகமில்லையா? நீங்க நகரத்துக்குப் போயிருந்தீங்க. பூச்சிங்க பட்டினியில காகிதம் மாதிரி ஆயிடுச்சுங்க. அதான் அடுப்படியில இருந்த கினி எலியைக் குடுத்தேன்."

"கினி எலியையா?"

"சும்மா ஒண்ணும் குடுக்கல! யோசிச்சுத்தான் குடுத்தேன்." பசிலியாவுக்கு ரோஷம் வந்தது. "வைத்தியர் எதை வெச்சு நோவு பாக்குறாரு? கினி எலியை உடம்பு பூராத் தேச்சு, அறுத்துப் பாத்தா நோவு எங்கன்னு அது சொல்லும். நோவு தெரிஞ்ச பிராணி அது. அது ரத்தத்தைக் குடிச்சா பூச்சிக்கும் மூக்கு நல்லா வேலை செய்யும், டாக்டரம்மா ஆராய்ச்சி ஜோரா வரும்னு நெனைச்சேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

வில்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பள்ளத்தாக்கில் அடுப்படியில் ஓடித்திரியும் கினி எலிகளுக்குக் கிருமி உண்டு என்று எழுதியவளே அவள்தான். திட்ட வாயெடுத்தாள். யாரைத் திட்டுவது? கோழி ரத்தம் மட்டும் என்று சொன்னவள் ஏன் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அந்தப் பூச்சிகளை வைத்த மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே நோய் உறுதியான கிழடுகள். சுத்தமான உடம்பு ஒன்றே ஒன்றுதான். அசுந்தா.

அவள் கையில் பெட்டி வைத்த அன்று என்ன நடந்தது என்று நினைவைக் கசக்கிப் பார்த்தாள். பெட்டியை எடுத்தாள். கையில் சிவப்புப் புள்ளிகள். அரிக்கிறது என்று குழந்தை சிணுங்கியது, அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்தது. எப்போதும் பெட்டியை எடுத்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பாள். அன்று துடைத்தாளா? தேய்ப்பதற்கு முன்பா, பின்பா? ஆயிரம் கைகளைத் துடைத்திருக்கிறாள், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அந்த ஒரு கையைத் துடைத்தது மட்டும் நினைவுக்கு வரவே மாட்டேன் என்றது.

பையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மெல்சோரா வாசலில் உருளைக்கிழங்கு பரப்பிக்கொண்டிருந்தாள். மலைக்காரி, அளந்து பேசுகிறவள்.

"வாங்க டாக்டரம்மா. என்ன இப்படி மூச்சு வாங்குது?"

"சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன். பாப்பா எங்க?"

அசுந்தா வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள். இடது கண் வீங்கி, நாவல்பழ நிறத்தில் இமை மூடிக்கிடந்தது.

கிருமி கண் வழியாக உள்ளே போனால் ஒற்றைக் கண் இப்படித்தான் வீங்கும். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ குழந்தைகளிடம் பார்த்திருக்கிறாள். சிலது காய்ச்சலிலேயே போய்விட்டன.

"குளவி கொட்டிடுச்சு. போகாதேன்னு சொன்னா கேக்குறாளா? கூட்டைப் போய்க் கிண்டியிருக்கா" என்றாள் மெல்சோரா.

"குளவியைப் பாத்தீங்களா?"

"நான் பாக்கல. அவதான் சொன்னா."

வில்மா குழந்தையை மடியில் இழுத்துக் காதுக்கு முன்னால் விரலால் தடவினாள். நெறி கட்டியிருக்கிறதா? சின்னதாக ஏதோ தட்டியது மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. காய்ச்சல் இல்லை. குழந்தை அவளைப் பார்த்து, "டாக்டரம்மா, பூச்சிப் பெட்டி கொண்டாந்தியா?" என்று கேட்டாள்.

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். உள்ளே மெல்சோராவின் கணவன் செவேரோ யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது. சங்கச் செயலாளர், புரட்சியில் கிடைத்த துப்பாக்கியைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவன். "கண்ணைக் கழுவி விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். கோழை. அவளே அவளை அப்படித்தான் திட்டிக்கொண்டு போனாள்.

பசிலியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். "வாயைத் தொறக்காதீங்க. இந்த ஊர்ல யாருக்குத்தான் இந்த நோவு இல்ல? வந்தா, கூரையிலிருந்து விழுந்த பூச்சின்னு நெனைச்சுக்குவாங்க."

"தகரக் கூரையிலிருந்தா?"

"நீங்க சொன்னீங்கன்னா என்ன நடக்கும் தெரியுமா? வெள்ளைக்காரி, பூச்சியை விட்டு ரத்தம் எடுக்குறா, லிக்கிச்சிரின்னு ஏற்கெனவே பாதிப் பேரு முணுமுணுக்குறாங்க. மேலே இருக்குற ஊர்ல ரோடு அளக்க வந்தவனை, தனியாப் போறவங்க கொழுப்பை உறியற லிக்கிச்சிரின்னு சொல்லிக் கல்லால அடிச்சே கொன்னாங்க. அவன் கையில இருந்தது வெறும் அளவுக்கோல். உங்க கையில ரத்தம் குடிக்கிற பூச்சி!"

வில்மாவுக்கு அது தெரியாதா? கூட்டம் என்றால் என்ன என்று இந்த ஊரில் அவளைவிட யாருக்கும் தெரியாது. பிறந்த ஊரில், அவள் அம்மா சுட்ட கேக்கை வருஷா வருஷம் வாங்கித் தின்ற பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரனே ஒருநாள் கூட்டத்தின் முன்னால் நின்று அவர்கள் ஜன்னலைக் காட்டிக் கொடுத்தான். அம்மா அங்கேயே செத்தாள். வில்மா கப்பலேறினாள், விவசாயி என்று பொய் விசா வாங்கி. டாக்டர் பட்டத்தை இங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டில் மரவள்ளி நட்டாள். பிரசவம் பார்த்தாள். புரட்சிக்குப் பிறகு, மற்ற டாக்டர்கள் போகமாட்டேன் என்ற இந்த ஊருக்கு அவளை அனுப்பினார்கள். இப்போதுதான், ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, புவனோஸ் ஐரிஸ் மாநாட்டில் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு ரயிலேறினால் போதும். அங்கேயே தங்கியும்விடலாம்.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. உடனே, அப்படி லேசானதே அருவருப்பாக இருந்தது. நோயைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் சரிதானே?

மறுநாள் காலையில் மறுபடி மெல்சோரா வீட்டுக்குப் போனாள். பசிலியா கூடவே வந்தாள். "செத்தா சேந்து சாவோம், கினி எலி என்னோடதுதானே" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

செவேரோ முற்றத்தில் கொக்கா இலை மென்றுகொண்டிருந்தான். மெல்சோரா குழந்தைக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்ததா, அப்படியே இருந்ததா? வில்மாவால் உற்றுப் பார்க்க முடியவில்லை.

"மெல்சோரா, நான் ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. நிறுத்தினா மறுபடி எனக்குத் தைரியம் வராது."

சொன்னாள். சுத்தம் என்று சொன்ன பூச்சி சுத்தமில்லை என்றாள். அதைக் குழந்தையின் கையில் வைத்தேன் என்றாள். துடைத்தேனா என்று நினைவில்லை என்றாள். பசிலியாவின் பெயரை எடுக்கவில்லை. பசிலியா தானே அழுதுகொண்டு, "நான்தான் எலியைக் குடுத்தேன்" என்று நடுவில் விழுந்தாள்.

செவேரோ எழுந்தான். "என்ன சொல்றா இவ?"

"நம்ம பிள்ளைக்கு நோவு குடுத்துட்டேன்னு சொல்றா" என்றாள் மெல்சோரா. கரண்டி கையிலேயே நின்றது.

"ஊரே சொல்லுச்சு! வெள்ளைக்காரி ரத்தம் உறியறா, வீட்டுக்குள்ள விடாதேன்னு. நான்தான், புரட்சி வந்த நாட்டுல லிக்கிச்சிரி என்னடா லிக்கிச்சிரின்னு அவங்களைத் திட்டினேன். முட்டாப் பய நான்!" அவன் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் வந்து வேலியில் நின்றுவிட்டது. யாரோ அந்தச் சொல்லைச் சொன்னார்கள். லிக்கிச்சிரி. பின்னால் நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான். ஓட வேண்டும் என்று உடம்பு முழுவதும் கத்தியது, கால் மட்டும் நகரவில்லை.

மெல்சோரா எழுந்து அவள் முன்னால் வந்து நின்றாள். "மருந்து இருக்கா?"

"இல்ல."

"நகரத்துல?"

"எங்கயும் இல்ல."

"செத்துருவாளா?"

"கிருமி உள்ள போயிருக்கா இல்லையான்னே தெரியல. இந்தக் கண் குளவியாவும் இருக்கலாம். போயிருந்தா இப்பக் காய்ச்சல் வரும். அதைத் தாண்டிட்டா நல்லாத்தான் ஓடி விளையாடுவா. ஆனா இருபது வருஷம் கழிச்சு நெஞ்சு..." வில்மாவால் முடிக்க முடியவில்லை.

"இருபது வருஷம் கழிச்சு அவளை யாரு பாத்துக்குவா?"

செவேரோ வில்மாவின் கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். "இவளைச் சந்தைத் திடலுக்கு இழுத்துட்டுப் போறேன். சங்கம் தீர்ப்புச் சொல்லட்டும்."

"கையை எடு" என்றாள் மெல்சோரா.

"உனக்கென்ன பைத்தியமா?"

"எடுன்னு சொன்னேன். இவளை அடிச்சா செத்துப்போவா. தொரத்தினா ரயிலேறிப் போயிடுவா. போயி வேற ஊர்ல பாட்டில் வெச்சுப் பூச்சி வளர்ப்பா. அப்புறம் நம்ம பிள்ளை நெஞ்சுல குழாய் வெச்சு யாரு கேக்குறது? நீ கேப்பியா, உன் துப்பாக்கி கேக்குமா?"

செவேரோ காலரை விட்டான். மெல்சோரா உள்ளே போய் ஆட்டு ரோமம் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலோடு வந்தாள். வில்மா கண்ணை மூடிக்கொண்டாள். குத்தப்போகிறாள் என்றே நினைத்தாள்.

"கண்ணைத் தொறங்க. பாப்பாவுக்கு இன்னும் முதல் முடி எடுக்கல. நீங்க எடுங்க."

வேலியோரம் சலசலப்பு எழுந்தது. முதல் முடியை எடுத்தவள் குழந்தைக்கு ஞானத்தாய், பெற்றவளுக்குக் கொமாத்ரே, கூட்டுத்தாய். கூடப்பிறந்தவளைக்கூட உதறலாம், கொமாத்ரேயை உதற முடியாது. அவளும் குழந்தையை விட்டுப் போக முடியாது. அப்படிப் போனவளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, மலையிலும் யாரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்.

"நான் ஞானஸ்நானம் வாங்கினவ இல்ல, மெல்சோரா. நான் யூதச்சி. உங்க சாமியாரு ஒத்துக்க மாட்டாரு."

"முடிக்குச் சாமியார் எதுக்கு? கத்தரிக்கோல் போதும்."

"என்னால..." வில்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஆயிரம் பேரின் உடம்பைத் தொட்ட கை அது. இந்தச் சின்னத் தலையைத் தொட அத்தனை பயந்தது.

அசுந்தாவைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தாள் மெல்சோரா. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி, சிக்குப் பிடித்துத் தோளில் கிடந்தது. வில்மா ஒரு பிரியைப் பிடித்து வெட்டினாள். குழந்தை கூச்சத்தில் சிரித்தது. வேலியில் கல்லை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். வழக்கம் வழக்கம்தானே! செவேரோ மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"ஆச்சு, கொமாத்ரே. இனிமே எங்கயும் போக முடியாது உன்னால" என்றாள் மெல்சோரா. அந்தக் குரலில் பாசம் என்று மருந்துக்கும் இல்லை.

புவனோஸ் ஐரிஸுக்கு அவள் போகவில்லை. பழைய பூச்சிகளையெல்லாம் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினார்கள். கிருமி முட்டைக்குள் இறங்காது என்பதால் முட்டைகளை மட்டும் கழுவி வைத்துப் புதிதாகப் பொரிக்க விட்டார்கள். பசிலியா புதுக் கோழிகளுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள், அடுப்படியிலிருந்த கினி எலிகளை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். புதுப் பூச்சிகள் வளர்ந்ததும் பெட்டியை அசுந்தாவின் கையில் வைத்தார்கள். பெட்டியை எடுத்ததும் ஸ்பிரிட் பஞ்சை மெல்சோரா பிடுங்கிக்கொண்டாள். குழந்தையின் தோள் வரைக்கும் அவளே தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

அதற்குள் கண் வீக்கம் வடிந்துவிட்டது. காய்ச்சல் வரவில்லை. குளவியாகவே இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லை வில்மா அந்த வாரங்களில் வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை. சோறு இறங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு தினமும் அந்த வீட்டுக்குப் போவாள், செவேரோ முகம் கொடுக்காமல் எழுந்து போவான், அவள் குழந்தையின் நெஞ்சைக் கேட்டுவிட்டுத் திரும்புவாள். லப் டப் என்று அது நன்றாகத்தான் அடித்தது. அவள் நெஞ்சுதான் தாறுமாறாக அடித்தது.

பூச்சிகளைப் பிழிகிற நாளில் மெல்சோரா மூடிபோட்ட பானையோடு வந்து ஸ்டூலுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வில்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்ததையே திரும்பவும் பார்த்தாள். கடைசியாகத் தலையை நிமிர்த்தினாள்.

"சுத்தம். ஒண்ணுலயும் இல்ல."

"அப்ப அவளுக்கு இல்ல."

இல்லை என்று சொல்லிவிட்டால் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "அப்படிச் சொல்ல முடியாது, மெல்சோரா. பாதிப் பேருக்கு இருந்தாலும் பூச்சி காட்டிக் குடுக்காது. மறுபடி பாக்கணும்."

"எப்ப?"

"அடுத்த வருஷம். அதுக்கு அடுத்த வருஷமும். அவ வளர வளர நெஞ்சைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

மெல்சோரா பானையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வில்மாவுக்குத் தன் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

"உனக்கு என்ன வயசு, கொமாத்ரே?"

"அம்பத்திரெண்டு."

மெல்சோரா உதட்டுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். பிறகு பானையின் மூடியைத் திறந்து, சூப்பைக் கிண்ணம் வழிய ஊற்றி, மைக்ராஸ்கோப்பைத் தள்ளிவிட்டு அவள் முன்னால் வைத்தாள்.

"எலும்பும் தோலுமா ஆயிட்ட. சாப்பிடு, மிச்சம் வைக்காதே. அவளுக்கு இருபத்தஞ்சு ஆகுற வரைக்கும் நீ சாகக் கூடாது."